இருள் ஒரு பொருளா?

தருக்கம் பயிலத் தொடங்கும் மாணாக்கனை முதலில் வந்து மறிக்கும் வழக்குகளுள் ஒன்று இருளைப் பற்றியது. இருள் ஒரு பொருளா, அன்றி ஒளியின் இன்மையா என்பது வினா. மீமாஞ்சகருள் ஒரு சாரார், இருள் கருநிறமுடையது, அசைவுடையது, குணமும் தொழிலும் பொருளைப் பற்றியன்றித் தனித்து நில்லா, ஆதலின் இருளும் ஒரு திரவியமே என்றனர். தார்க்கிகர் அதற்கு இசையவில்லை. திரவியம் ஒன்பதே, இருளைப் பத்தாவதாக வைக்க வேண்டுவதில்லை, ஒளி இல்லாமையே இருள், விளக்கு நகர நிழல் நகர்வது போலத் தோன்றுகிறதேயன்றி அதற்கெனத் தனியசைவு இல்லை என்று அவர் மறுத்தனர். வழக்கிலே தார்க்கிகர் வென்றனர் என்பதே பொதுவான எண்ணம். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழிலே தந்துபோனதன் பின், நம்மவரும் அவ்வெற்றியை ஒப்புக்கொண்டே பாடம் சொல்லி வருகிறோம்.

இப்பொழுது பௌதிகவியலார் வந்து இருள் ஒரு பொருளே என்கின்றனர். அதுவும் சிறு பொருளன்று. நாமும், நாம் மிதிக்கும் மண்ணும், ஞாயிறும், விண்மீன்களும் எப்பொருளால் ஆனவையோ, அப்பொருள் முழுவதையும் ஒரு தட்டில் வைத்தால், மற்றத் தட்டில் வைக்கவேண்டிய இருட்பொருள் அதனினும் 5 மடங்குக்கு மேல் என்பது அவர் கணக்கு.

இதைக் கேட்டவுடன், மீமாஞ்சகர் அன்றே சொன்னார், மேனாட்டார் இன்றுதான் கண்டார் என்று மார்தட்ட ஒரு கூட்டம் எழும். அக்கூட்டத்தில் நான் சேரேன். மீமாஞ்சகர் பேசியது அறையிற் கவியும் இருளை. இவர் பேசுவது வேறொன்றை. மணிமேகலையில் ஆசீவகன் அணுவைப் பற்றிப் பேசுகிறான் என்பதற்காக அவன் அணுவுலை கட்டத் தெரிந்தவன் என்று சொல்லுதல் ஆகாது. பழையதற்குப் பொய்ப்பெருமை சூட்டுவது பழையதை இகழ்வதன் மற்றொரு வகை என்பதே என் துணிபு.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். சிலர் இதனைக் கரும்பொருள் என எழுதுகின்றனர். தொல்காப்பியம் படிக்கும் மாணாக்கர் அதனைக் கருப்பொருள் என்று வாசித்து, தெய்வம், உணா, மா, மரம் எனக் கணக்கிடத் தொடங்கிவிடுவர். அதுவன்றியும், இது கரியதே அன்று. கரியது ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியை விழுங்குவதுமில்லை, விடுவதுமில்லை, தெறிக்கச் செய்வதுமில்லை. ஒளி இதனூடே தடையின்றிச் செல்லும். தெளிந்த கண்ணாடியை இருளென்பார் எவருமிலர். ஒளியோடு உறவற்ற பொருள் என்பதே செம்மையான பெயராகும். எனினும் வழக்கு வலிது. இருட்பொருள் என்றே இங்கு எழுதுகிறேன்.

நான் பௌதிகம் கற்பிப்பவனல்லன். தமிழும் ஓரளவு தருக்கமும் கற்பிப்பவன். ஆயினும் இவ்விடயத்தில் தருக்கம் கற்றவனுக்கும் ஓர் ஆசனம் உண்டு. இருட்பொருள் இன்றுவரை காட்சியளவையால் அறியப்பட்டதன்று. எவரும் அதில் ஒரு துணிக்கையையும் பிடித்ததில்லை. அது முற்றிலும் கருதலளவையாற் பெறப்பட்டது. கருதலளவை எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்பது நம் நூல்கள் நுணுகி ஆராய்ந்த பொருள். என் வகுப்பில் ஒரு மாணவி, "காணாத ஒன்றைக் காட்டிலும் காணும் ஒன்று குறைவு என்று எப்படி ஐயா சொல்வது?" என்று கேட்டாள். வினா நல்ல வினா. விடையைத் தேடிக் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரையும் நூல்களையும் பல மாதம் தொல்லைப்படுத்தியதன் பயனே இக்கட்டுரை.

இனி, ஏதுவைப் பார்ப்போம். மலையிலே புகை, ஆதலின் மலையிலே நெருப்பு. இங்கே புகையாய் நிற்பது வேகம்.

1933 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிற் பணியாற்றிய சுவிற்சர்லாந்து நாட்டார் பிரிற்ஸ் ஸ்விக்கி என்பவர், கோமா என்னும் திசையிலுள்ள உடுத்திரட் கூட்டமொன்றை ஆராய்ந்தார். உடுத்திரள் என்றது நமது பால்வீதி போன்று பல்லாயிரங்கோடி விண்மீன்கள் ஒருங்கு திரண்டதனை. அவ்வுடுத்திரள்கள் ஒன்றையொன்று சுற்றியோடும் வேகம், அவற்றிற் காணப்படும் ஒளியைக் கொண்டு மதித்த திணிவினாற் கட்டிவைக்கத் தக்கதாய் இருக்கவில்லை. அவ்வளவு விரைந்து ஓடுவன என்றோ சிதறிப்போயிருத்தல் வேண்டும். சிதறவில்லை. ஆதலின் காணப்படாத திணிவு அங்கே உண்டு என்றார் ஸ்விக்கி. இருட்பொருள் என்ற சொல்லை அவர் செர்மன் மொழியில் எழுதினார். அவர் கடுஞ்சொல்லர், உடன் பணியாற்றியோர் பலரோடும் பிணங்கியவர். ஏறத்தாழ நாற்பதாண்டு அவருடைய சொல் அம்பலம் ஏறவில்லை.

1970 ஆம் ஆண்டில் வேரா ரூபின் என்ற அம்மையாரும் கென்ற் போர்ட் என்பவரும் அந்திரோமீடா உடுத்திரளை அளந்து வெளியிட்டனர். ஞாயிற்றுக் குடும்பத்திலே நடுவிலிருந்து விலக விலக வேகம் குறையும். புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் ஓடுகிறது. நெப்தியூன் 5 கிலோமீற்றருக்குச் சற்று மேல். திணிவு பெரும்பாலும் நடுவிலுள்ள ஞாயிற்றில் இருப்பதே காரணம். உடுத்திரளிலும் ஒளி பெரும்பாலும் நடுவிலேயே குவிந்திருக்கிறது. ஆகவே ஓரத்து விண்மீன்கள் மெதுவாகச் செல்லவேண்டும். அவையோ உள்ளிருப்பனவற்றோடு ஒத்த வேகத்தில் ஓடின. அதன்பின் ரூபினும் பிறரும் பல உடுத்திரள்களை அளந்தனர். எங்கும் இதுவே கண்டனர். ஒளி முடிந்த இடத்துக்கு அப்பாலும் திணிவு பரந்து கிடக்கிறது என்று கொண்டாலன்றி இது பொருந்தாது. ரூபின் 2016 ஆம் ஆண்டில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சிலி நாட்டு மலையுச்சியில் எழுப்பிய வானாய்வு நிலையத்துக்கு இப்பொழுது அவர் பெயரை இட்டிருக்கின்றனர்.

நிற்க. இந்த அனுமானம் குற்றமற்றதா?

புகையிலிருந்து நெருப்பைக் கருதுவதற்கு, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் உடனிகழ்ச்சி வேண்டும். அதனை அடுக்களையிற் கண்டிருக்கிறோம்; மலைக்கும் கொண்டுபோகிறோம். இங்கே அடுக்களையாவது ஞாயிற்றுக் குடும்பம். இவ்வளவு வேகம் எனின் இவ்வளவு திணிவு என்பதை அங்கேதான் நாம் கண்டோம். அதே விதி உடுத்திரளின் ஓரத்திலும் செல்லுமா? செல்லாது, மிக மெலிந்த ஈர்ப்பிலே விதியே மாறுகிறது, இருட்பொருள் ஒன்று வேண்டா என்று 1983 ஆம் ஆண்டில் இசுரவேல் நாட்டு மில்குரோம் என்பார் எழுதினார். இவரை எள்ளி ஒதுக்குதல் தகாது. தனி உடுத்திரள்களின் சுழற்சியை அவருடைய விதி வியக்கத்தக்கவாறு பொருத்திக் காட்டுகிறது.

ஒரே வகையான அனுமானம் ஒருமுறை வென்றும் ஒருமுறை தோற்றும் போன வரலாறு வானநூலிலேயே இருக்கிறது. யுரேனசு என்னும் கோள் கணக்குப்படி நடக்கவில்லை. காணாத கோளொன்று இழுக்கிறது என்று பிரான்சிலே லெவெரியே என்பவர் கணித்து இடமும் குறித்தார். 1846 ஆம் ஆண்டு செப்தெம்பரில் பெர்லின் நகரத்துக் காலே என்பவர், குறித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்தியூனைக் கண்டார். பின் அதே லெவெரியே, புதனும் கணக்கிற் சற்றே பிறழ்வதைக் கண்டு, 1859 இல் ஞாயிற்றுக்கு அண்மையில் இன்னொரு காணாக் கோளைக் கருதினார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கண்டேன் என்று சொன்னவரும் உளர். ஆனால் வல்கன் இல்லை. 1915 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விதியையே திருத்தியபோது புதனின் பிறழ்ச்சி தானாகவே தீர்ந்தது. அளந்தவர் ஒருவர், முறை ஒன்று, முடிவு இரண்டு.

இருட்பொருள் நெப்தியூனா, வல்கனா? சுழலும் உடுத்திரள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடையில்லை. வேறோர் ஏது வேண்டும். ஈர்ப்பு விதியை முற்றும் சார்ந்து நில்லாத ஏது வேண்டும். அதனைத் தந்தது துணிக்கைப் பௌதிகம். என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவாதலின் சற்று விரித்துரைக்க வாசகர் இடந்தருவாராக.

ஈலியம் என்னும் வாயு முதன்முதல் ஞாயிற்றிலேதான் அறியப்பட்டது. 1868 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்துச் சூரிய கிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரிலே இருந்து பிரான்சு நாட்டார் சான்சன் ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்திலே லொக்கியர் ஞாயிற்றொளியைப் பிரித்து, அதிலுள்ள மஞ்சட்கோடொன்று அறிந்த மூலகம் எதற்கும் உரியதன்று எனக் கண்டார். ஞாயிற்றுக்குரிய கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். மண்ணிலே அதனைப் பிரித்தெடுக்க 1895 வரை செல்லவேண்டியதாயிற்று. இன்று நாம் அறிவது, விண்ணிலே எங்கு நோக்கினும் சாதாரணப் பொருளின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு ஈலியம் என்பது. காபனும் ஒட்சிசனும் இடத்துக்கிடம் கூடியும் குறைந்தும் இருக்கின்றன. அவை விண்மீன்களுள்ளே சமைந்தவை. ஈலியமோ, அவை மிகக் குறைந்த சிறு உடுத்திரள்களிலும் இதே அளவில் நிற்கிறது. விண்மீன்கள் பிறக்குமுன்னரே அது இருந்திருத்தல் வேண்டும். யார் சமைத்தார்?

1948 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி வெளியான கட்டுரையொன்று இதற்கு விடைகூற முயன்றது. எழுதியவர் அல்பர் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் காமோவும். காமோவ் விளையாட்டுக்காரர். கட்டுரையில் ஒரு பங்குமில்லாத பெதே என்ற பேரறிஞரின் பெயரை நடுவே செருகினார். அல்பர், பெதே, காமோவ் என்றதும் கிரேக்க நெடுங்கணக்கின் அல்பா, பீற்றா, காமா ஆகிவிடும் அல்லவா? சிலேடை பாடும் நம் புலவர்களுக்கு இது விளங்கும். தன் பெயர் இரு பெரும்பெயர்களின் நிழலில் மறைந்துபோமே என்று அம்மாணவர் வருந்தியதும் விளங்கும். அவர்கள் சொன்னது முழுவதும் சரியன்று. எல்லா மூலகங்களும் அந்த ஆதி உலையிற் சமைந்தன என்றனர்; அது பிழை. உலை ஒன்று இருந்தது என்பதும் ஈலியம் அதிற் சமைந்தது என்பதும் நிலைத்தன.

அவ்வுலையின் கணக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. அதன் முதற் செக்கனில் வெப்பநிலை ஆயிரங்கோடிப் பாகையளவு. அணுக்கருவை ஆக்கும் புரோத்தனும் நியூத்திரனும் அவ்வெப்பத்தில் ஓயாது ஒன்று மற்றொன்றாய் மாறிக்கொண்டிருந்தன. மாற்றியது நியூத்திரினோ என்னும் நொய்ய துணிக்கையின் உறவு. நியூத்திரன் புரோத்தனைவிட ஆயிரத்தில் ஒரு பங்களவு கனமானது. சூடு தணியத் தணியக் கனத்தது ஆதல் அரிதாயிற்று. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருந்தமையால் ஒரு கட்டத்தில் நியூத்திரினோக்கள் ஐதாகி, இம்மாற்று வாணிகம் நின்றுபோயிற்று. நின்றபோது 6 புரோத்தனுக்கு ஒரு நியூத்திரன் என்னும் விகிதம்.

அந்நிலையில் உடனே கரு அமைந்துவிடவில்லை. புரோத்தனும் நியூத்திரனும் ஒன்று கூடினால் தூத்தேரியம் ஆகும். அது மெல்லிய பிணைப்பு. ஒரு கருத்துணிக்கைக்கு 160 கோடி என்னும் அளவில் ஒளித்துணிக்கைகள் சூழ்ந்து மோதிக்கொண்டிருக்க, கூடியதெல்லாம் கூடியவுடன் உடைந்தது. சூடு நூறு கோடிப் பாகைக்குத் தணியும் வரை, ஏறத்தாழ 3 நிமிடம், காத்திருக்கவேண்டியதாயிற்று. தனித்த நியூத்திரனுக்கு ஆயுள் குறைவு. சராசரி 880 செக்கன் வரை. ஆகவே காத்திருந்தபோது சில அழிந்து, விகிதம் 7 க்கு 1 ஆயிற்று.

இனி எண்ணிப் பாருங்கள். 16 துணிக்கையில் 14 புரோத்தன், 2 நியூத்திரன். அவ்விரண்டும் இரு புரோத்தனோடு கூட ஓர் ஈலியக் கரு. அதன் நிறை 4. எஞ்சிய 12 புரோத்தனும் ஐதரசன். 16 இல் 4 என்பது நூற்றுக்கு 25. விண்ணிலே காண்பதும் அதுவே.

கரும்பலகையில் இதனை எழுதிமுடித்தபோது என் மாணாக்கர் சிறிதுநேரம் பேசாதிருந்தனர். அவருள் விஞ்ஞானம் கற்றவர் ஒருவருமிலர். ஆய்கூடத்திலே போத்தலில் அடைத்து அளந்த நியூத்திரனின் ஆயுளும், தராசிலே காணும் ஆயிரத்தொரு பங்கு வேறுபாடும் ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுக்கு முந்திய மூன்று நிமிடத்தைச் சாட்சி சொல்கின்றன. (அவ்வாயுளை இருமுறையில் அளப்பவர்களிடையே ஏறத்தாழ 10 செக்கன் வேறுபாடு இன்னும் தீரவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இலிதியத்தின் கணக்கும் சரிவரவில்லை. பழைய விண்மீன்களிற் காண்பது கணித்ததன் மூன்றில் ஒரு பங்களவே.)

இக்கணக்கை மறுதலையாகவும் செலுத்தலாம். நியூத்திரினோவில் எத்தனை இனம்? இனம் மிகுந்தால் ஆதிப் பிரபஞ்சம் விரைந்து விரியும், விரைந்து விரிந்தால் மாற்று வாணிகம் முன்னரே நிற்கும், நியூத்திரன் மிகும், ஈலியம் மிகும். காணும் ஈலியமோ இவ்வளவே. ஆதலின் இனங்கள் சிலவே இருத்தல் கூடும் என்று 1977 இல் ஸ்டைக்மன், சிராம், கன் என்னும் மூவர் எழுதினர். ஈலியத்தை நுண்ணிதாக அளக்க அளக்க அவ்வெல்லை மூன்றை நோக்கி நெருங்கிற்று. 1989 ஆம் ஆண்டில் ஜெனிவா நகரின் அருகே, 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைத்த பொறியிலே இலத்திரன்களையும் அவற்றின் எதிர்த்துணிக்கைகளையும் மோதவிட்டு எண்ணினர். இலேசான நியூத்திரினோ இனம் மூன்றே. விண்ணைப் பார்த்து ஒருவர் சொன்னதை, நிலத்தின்கீழ் இருந்து மற்றொருவர் உறுதிசெய்தார். கருதலளவைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இருட்பொருளுக்கு வருகிறேன். தூத்தேரியம் முழுவதும் ஈலியம் ஆகிவிடவில்லை, சிறிது எஞ்சிற்று. எவ்வளவு எஞ்சும் என்பது, அந்த உலையிலே கருத்துணிக்கைகள் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைப் பொறுத்தது. நெருக்கம் மிகுந்தால் எரிந்து தீரும், ஐதாயின் எஞ்சும். விண்மீன்கள் தூத்தேரியத்தை அழிப்பனவேயன்றி ஆக்குவனவல்ல. ஆதலின், மிகத் தொலைவிலுள்ள, விண்மீன் கலப்புக் குறைந்த வாயு முகில்களிலே அதனை அளந்தனர். ஓர் இலட்சம் ஐதரசனுக்கு இரண்டரை தூத்தேரியம். இதிலிருந்து, பிரபஞ்சத்தின் முழு இருப்பையும் 100 பங்கு என்று வைத்தால், அணுவாய் ஆகவல்ல பொருள் 5 பங்கே என்று கிடைக்கிறது. ஆனால் உடுத்திரட் கூட்டங்களை ஈர்த்துக் கட்டிவைப்பதற்கு வேண்டும் பொருளோ 30 பங்கு வரை.

இடையிலுள்ள 25 பங்கு எது? அவிந்த விண்மீன் என்று சொல்ல முடியாது. தூசு என்றும் வாயு என்றும் ஒளிகாலாக் கோள்கள் என்றும் சொல்ல முடியாது. அவையெல்லாம் புரோத்தனாலும் நியூத்திரனாலும் ஆனவை. அவற்றின் கணக்கு அந்த மூன்று நிமிடத்திலேயே மூடப்பட்டுவிட்டது. எஞ்சியது அவ்வுலையிலே கலந்துகொள்ளாத பொருளாய் இருத்தல் வேண்டும். காணப்படாத சாதாரணப் பொருள் என்று கொண்டிருந்த ஸ்விக்கியின் கருத்து இங்கே மாறி, வேறு சாதிப் பொருள் என்று ஆகிறது.

மற்றொரு சாட்சியும் உண்டு. பிரபஞ்சம் 3,80,000 ஆண்டு வயதடைந்தபோது, பொருளிற் சிக்கிக் கிடந்த ஒளி விடுதலை பெற்றது. அவ்வொளி இன்று 2.7 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்து நுண்ணலையாய் எத்திசையிலிருந்தும் வருகிறது. 1964 இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பென்சியாசும் வில்சனும் அதனை ஓர் இரைச்சலாய்க் கேட்டு, முதலிற் கருவியின் குறை என்று எண்ணி, அதனுள்ளே குடியிருந்த புறாக்களின் எச்சத்தையெல்லாம் துடைத்தெறிந்தனர், இரைச்சல் போகவில்லை. 1978 இல் நோபல் பரிசு வந்தது.

அவ்வொளியின் வெப்பநிலை எத்திசையிலும் ஏறத்தாழ ஒன்றே. ஏற்றத்தாழ்வு இலட்சத்தில் ஒரு பங்களவு. அங்கேதான் சிக்கல். அதன்பின் பிரபஞ்சம் 1100 மடங்கு விரிந்திருக்கிறது. அத்தகைய ஏற்றத்தாழ்வும் ஏறத்தாழ அம்மடங்கே வளர்ந்திருக்கும். இலட்சத்தில் ஒன்று ஆயிரம் மடங்கு வளர்ந்தால் நூற்றில் ஒன்று. நூற்றில் ஒரு பங்கு மேடுபள்ளத்தில் பால்வீதி உண்டாகாது; ஞாயிறு உண்டாகாது; இக்கட்டுரையும் உண்டாகாது. ஒளியின் அழுத்தத்தாற் குவிய முடியாது கிடந்த சாதாரணப் பொருளுக்கு முன்னரே, ஒளியோடு உறவற்ற ஏதோவொன்று குவிந்து குழிகளை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தது. ஒளி பிரிந்தவுடன் அணுக்கள் அக்குழிகளில் விழுந்தன என்று கொள்ளவேண்டும். 2009 இல் ஏவிய பிளாங்க் என்னும் விண்கலம் அந்த நுண்ணலையை அளந்து சொன்ன கணக்கு: சாதாரணப் பொருள் 5, இருட்பொருள் 26 அல்லது 27, எஞ்சிய 68 இருட்சக்தி. (கடைசியது வேறு கதை, அதனை இங்கு எடுக்கமாட்டேன்.) மூன்றாம் நிமிடத்துச் சாட்சியும் மூன்றரை இலட்சம் ஆண்டு கடந்த சாட்சியும் ஒருவரையொருவர் அறியாதவர், 5 என்றே இருவரும் சொல்கின்றனர்.

மில்குரோமின் விதி இடறுவது இவ்விடத்திலே. சுழற்சிக்கு அது விடைசொல்லும். நுண்ணலைக்கு எளிதிற் சொல்லாது. உடுத்திரட் கூட்டங்களிலும் அதற்குத் திணிவு போதவில்லை. 2006 இல் ஆராய்ந்து வெளியிட்ட குண்டுக் கூட்டம் என்பதிலே, இரு கூட்டங்கள் மோதி ஊடுருவிச் செல்கையில், வெப்ப வாயு இடையிலே தடைப்பட்டு நிற்க, ஒளியை வளைக்கும் திணிவு மட்டும் முன்னேறிச் சென்றிருக்கக் கண்டனர். ஆதலால் நெப்தியூன் பக்கமே தராசு தாழ்கிறது என்பது என் கருத்து. ஆனால் நெப்தியூனைக் காலே கண்ணாற் கண்டார். இங்கே காலே இன்னும் வரவில்லை.

தேடுதலோ சிறிதன்று. முதலில் நியூத்திரினோ என்றே ஐயுற்றனர். அதற்கு உண்மையிலேயே திணிவுண்டு என்பது 1998 இல் யப்பானில் நிறுவப்பட்டது. ஆனால் அது இலத்திரனின் திணிவில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணை நொய்யது ஆதிகாலத்திலே ஒளியை ஒத்த வேகத்தில் ஓடியிருக்கும். ஓடுவது சிறு குழிகளில் தங்காது. நியூத்திரினோவை வைத்துக் கணினியில் அமைத்த பிரபஞ்சம் நம் பிரபஞ்சத்தைப் போலில்லை என்று 1983 இலேயே காட்டிவிட்டனர்.

அடுத்தது, நியூத்திரினோவைப் போல மெல்லுறவும், புரோத்தனினும் பன்மடங்கு கனமும் உடைய ஒரு துணிக்கை. ஈலியக் கணக்கிற் கண்ட அதே முறை இங்கும் செல்லும்: ஒன்றோடொன்று மோதி அழிந்துகொண்டிருந்தவை, விரிவினால் ஒன்றையொன்று சந்திக்க முடியாது எஞ்சி நின்றன என்று கணித்தால், எச்சம் வேண்டிய அளவுக்கு அண்மையில் வருகிறது. இப்பொருத்தத்தின் அழகில் ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் மயங்கினர் என்றே சொல்லவேண்டும். அமெரிக்காவின் தென் டகோட்டாவில், முன்னாளில் பொன் தோண்டிய சுரங்கத்துள், ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்திலே, 10 தொன் திரவ செனனைக் கலத்தில் நிரப்பி இருட்டிலே வைத்திருக்கின்றனர். கடந்து செல்லும் துணிக்கை ஒரு செனன் கருவை இடித்தால் சிறுபொறி தோன்றும். 2022 இலும் 2024 இலும் முடிவுகள் வெளியாயின. அத்துணிக்கையின் பொறி இல்லை. இத்தாலியில் மலைக்கு அடியில், இருபதாண்டுக்கு மேலாக, ஆண்டுக்கொருமுறை ஏறியிறங்கும் குறியைக் கண்டோம் என்கிறது ஒரு குழு; அதே உப்பைக் கொண்டு கொரியாவிலும் இசுபெயினிலும் பார்த்தோர் காணவில்லை. தருக்க நூலார் ஏதுப்போலி என்று சொல்வது இதுதானோ என ஐயம் எழுகிறது.

ஜெனிவாவின் அதே சுரங்கத்தில் இப்பொழுது புரோத்தன்களை மோதவிடுகின்றனர். 2012 இல் இக்சு போசனைக் கண்டது அங்கேதான். இருட்பொருள் அங்கே பிறந்தால் கருவிக்கு அகப்படாது வெளியேறும். வெளியேறினால் உந்தக் கணக்கிலே துண்டு விழும். நியூத்திரினோவுக்கு உரிய துண்டுகள் விழுகின்றன. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கண்டிலேம் என்பதும் ஓர் அறிவே. தார்க்கிகர் இன்மையை ஏழாவது பதார்த்தமாய் வைத்தனர்; இந்தக் கலம் இவ்வளவு நாள் காத்திருந்து காணாமையினால், இவ்வளவு கனமும் இவ்வளவு உறவும் உடைய துணிக்கை இல்லை என்று ஒரு வேலி போடப்படுகிறது. வேலி ஆண்டுதோறும் உள்நோக்கி நகர்கிறது. அதற்குள்ளே ஒருவரும் இல்லாமலே போகலாம். அப்படியாயின் ஐயுறவேண்டியது அத்துணிக்கையை. ஈலியமும் தூத்தேரியமும் சொன்ன சாட்சியை அன்று. பாடநூல் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழைத்து, இருட்பொருள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என ஒரு பக்கத்திலும், வெறுங் கற்பனை என மறுபக்கத்திலும் எழுதும்போது எனக்குச் சினம் வருகிறது. உண்டு என்பது ஒரு முடிபு. இன்னது என்பது வேறொரு முடிபு. முன்னதற்கு ஏது பல; பின்னதற்கு இன்னும் ஒன்றுமில்லை.

இப்பொழுது பலர் நாடுவது அக்சியன் என்னும் துணிக்கையை. இது இருட்பொருளுக்கென்று கற்பித்ததன்று. கருவின் உள்ளுறவில் இருக்கவேண்டிய ஒரு கோணல் ஏன் இல்லை என்னும் வேறொரு வினாவுக்கு விடையாக, 1977 இல் பெச்சி, குயின் என்ற இருவர் தந்த கருத்திலிருந்து, 1978 இல் வைன்பேர்க்கும் வில்செக்கும் தனித்தனியே கண்டது. பெயர் வைத்தவர் வில்செக். சலவைத்தூள் ஒன்றின் பெயர் அது. கணக்கிலிருந்த அழுக்கைத் துடைப்பதால் அப்பெயர் பொருந்தும் என்றார். குவார்க் என்ற பெயரை நாவலொன்றிலிருந்து எடுத்தவர்களின் வழித்தோன்றல் சலவைக்கடைக்குப் போனதில் வியப்பில்லை.

அக்சியன் நியூத்திரினோவினும் நொய்யதாய் இருக்கலாம். ஆனால் ஓடாது, குளிர்ந்து நிற்கும். வலிய காந்தத்தின் நடுவே அது நுண்ணலையாய் மாறும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பல்கலைக்கழகத்திலே, உறைகுளிரில் ஒரு செப்புக் கலத்தை வைத்து, வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி நிலையம் தேடுவது போல, அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றிக் கேட்டு வருகின்றனர். திருகும் அளவோ மயிரிழை. கேட்கவேண்டிய வரிசையோ நெடியது. கேட்டுமுடித்த பகுதியில் இரைச்சலன்றி வேறில்லை. அடுத்த பகுதிக்கு வேறு கலம் செய்கின்றனர்.